ஜுரம் வரும் ஜகந்நாதர்

சென்ற நவராத்திரியின்போது எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஒரு குட்டி விருந்தாளி வந்தாள். வயது ஆறு இருக்கும். பட்டுப் பாவாடை, தலை நிறையக் கதம்பம், கையில் குங்குமச் சிமிழ். பாடச் சொன்னோம், பாடினாள். சுண்டல் கொடுத்தோம்; வாங்கிக்கொண்டாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. மேல் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, அந்தச் சாமிக்குக் கையைக் காணோமே! உடைஞ்சு போச்சா?"

மரப்பாச்சி ஜோடிக்குப் பக்கத்தில் இருந்த மூவரைத்தான் கேட்டாள். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு. நடுவிலே மஞ்சள் நிறத்தில் ஓர் அம்மாள். மூவருக்கும் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பெரிய பெரிய கண்கள். பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் பாட்டி காசிக்குப் போய்த் திரும்பும் வழியில் புரியில் வாங்கி வந்த மரப் பொம்மைகள் அவை. பலபத்திரர், சுபத்திரை, ஜகந்நாதர்.

"உடையலை கண்ணு. அவர் அப்படித்தான்" என்றேன்.

"ஏன் அப்படித்தான்?" என்றாள்.

குழந்தைகளின் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது எப்போதுமே கஷ்டம். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்து, இன்னும் ஒரு பிடி சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

ராணி திறந்த கதவு

ஒரிஸ்ஸா என்று நாம் சொல்லிவந்து, இப்போது ஒடிசா ஆகிவிட்ட நாட்டில், கடற்கரை ஓரத்தில் இருக்கிறது புரி க்ஷேத்திரம். அங்கே கதை சொல்லும் பாட்டிமார்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் சொல்லும் கதை இது.

மாளவ தேசத்து அரசன் இந்திரத்யும்னன். காட்டிலே சபரர் குலத் தலைவன் விசுவாவசு, நீலமாதவன் என்ற தெய்வத்தை யாருக்கும் தெரியாமல் பூஜித்து வருகிறான் என்று கேள்விப்பட்டு, வித்யாபதி என்ற பிராமணனை அனுப்பி வைக்கிறான். போன இடத்தில் வித்யாபதி, விசுவாவசுவின் மகள் லலிதையைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மகள் கெஞ்சியதால் மாமனார் இணங்கி, மாப்பிள்ளையின் கண்ணைக் கட்டிக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். மாப்பிள்ளை லேசுப்பட்டவனா? வழி நெடுகக் கடுகைத் தூவிக்கொண்டே போகிறான். மழை பெய்கிறது, கடுகு முளைக்கிறது, வழி தெரிந்துவிடுகிறது! ஆனால் அரசன் ஆசையோடு ஓடி வந்தபோது நீலமாதவன் அங்கே இல்லை. 'கடலில் ஒரு மரம் மிதந்து வரும். அதிலே என்னைச் செய்' என்று அசரீரி மட்டும் கேட்கிறது.

மரம் வந்தது. தச்சர்கள் கை வைத்தால் உளிதான் உடைந்தது. கடைசியில் தள்ளாத கிழத் தச்சர் ஒருவர் வந்தார். "21 நாள் கதவை மூடிக்கொண்டு வேலை செய்வேன். யாரும் திறக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். சில நாள் உளிச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அரசி குண்டிசாவுக்கு மனசு கேட்கவில்லை. "வயதான மனுஷர், அன்ன ஆகாரம் இல்லாமல் உள்ளே என்ன ஆனாரோ!" என்று பதறினாள். கதவைத் திறக்கச் செய்தாள். உள்ளே தச்சரைக் காணோம், வந்தவர் விசுவகர்மாவாம். கையும் காலும் முடியாத மூன்று உருவங்கள் மட்டும் நின்றன. அரசன் கலங்கினான். 'இப்படியே என்னை வழிபடு' என்றது தெய்வம்.

கதவைத் திறந்தது குற்றம் என்று அந்த ராணியை யாராவது பழித்திருக்க வேண்டுமே? நடந்தது வேறு. புரியின் பெரிய வீதியின் ஒரு கோடியில் ஜகந்நாதர் கோயில். மறு கோடியில் குண்டிசா கோயில். ஆண்டுதோறும் ஆனி, ஆடி வாக்கில் நடக்கும் ரத யாத்திரையின்போது, ஸ்வாமி தம் அண்ணனையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு அந்த ராணியின் பெயரால் அமைந்த கோயிலுக்குத்தான் தேரேறிப் போகிறார். அங்கே தங்கிவிட்டு, ஒன்பதாவது நாள் திரும்புகிறார். கிழவருக்குப் பசிக்குமே என்று கதவைத் திறந்த கைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. போனவர் மனைவியை அழைத்துப் போகவில்லை. ஐந்தாம் நாள் மகாலக்ஷ்மி பல்லக்கில் புறப்பட்டு வந்து, கோபத்தில் ஜகந்நாதரின் தேரில் ஒரு துண்டை உடைத்துவிட்டுப் போகிறாள். ஸ்வாமி திரும்பி வரும்போது வாசற்கதவைச் சாத்திவிடுகிறாள். கடைசியில் ரசகுல்லா கொடுத்துத்தான் அவர் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது! இதற்கெல்லாம் வசனம் உண்டு. அவள் பக்கத்துக்கும் அவர் பக்கத்துக்கும் சேவகர்கள் நின்று பேசுகிறார்கள். ஊரே கேட்டு ரசிக்கிறது.

எண்ணெயும் மருந்தும் பத்தியமும்

நம் பக்கத்துக் கோயில்களில் மூலவர் பெரும்பாலும் கல், உத்ஸவர் பஞ்சலோகம். புரியிலோ கர்ப்பகிருகத்தில் இருக்கும் அதே மரத் திருமேனிகள்தாம் தேருக்கும் வருகின்றன. வேப்ப மரத்தில் செதுக்கி, அதன்மேல் நூலும் துணியும் குங்கிலியப் பிசினும் சந்தனமுமாகப் பூசிச் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே வர்ணம் தீட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் மரம் எலும்பு, நூல் நரம்பு, துணி தோல் என்று சொல்வது வழக்கம். ஜகந்நாதர் கறுப்பு, பலபத்திரர் வெள்ளை, சுபத்திரை மஞ்சள். ஜகந்நாதரின் கண்கள் முழு வட்டம். மற்ற இருவருக்கும் சற்று நீண்ட கண்கள். இவர்களோடு தூண் போன்ற வடிவில் சுதர்சனரும் உண்டு.

கல்லுக்கு அபிஷேகம் செய்தால் ஒன்றும் ஆகாது. வர்ணம் தீட்டிய மரத்துக்கு அபிஷேகம் செய்தால்? அதுதான் புரியில் வருஷாவருஷம் நடக்கிறது.

ஜ்யேஷ்ட மாதத்துப் பௌர்ணமி அன்று ஸ்நான யாத்திரை. எல்லோரும் பார்க்கும்படியான உயர்ந்த மேடையில் ஸ்வாமிகளை எழுந்தருளப் பண்ணி, 108 குடம் தண்ணீர் கொட்டுகிறார்கள். ஜகந்நாதருக்கு 35, பலபத்திரருக்கு 33, சுபத்திரைக்கு 22, சுதர்சனருக்கு 18. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். அன்று மாலை யானைமுக அலங்காரம். பிறகு கதவு சாத்தியாகிவிடும். அத்தனை தண்ணீரில் நனைந்ததில் வர்ணம் கலைந்து போகிறது. ஊர் அதை அப்படிச் சொல்வதில்லை. "ஸ்வாமிக்கு ஜுரம்" என்று சொல்கிறது.

சுமார் பதினைந்து நாள் தரிசனம் இல்லை. இதற்கு அனவஸரம் என்று பெயர். நம் வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகி, வெளி மனிதர்களை உள்ளே விடாமல், பத்தியம் பார்த்து, ராப்பகலாகப் பக்கத்தில் இருப்போம் அல்லவா? அங்கேயும் அப்படித்தான். வழக்கமான பெரிய நைவேத்தியங்கள் நின்றுவிடுகின்றன. பழம், பானகம் போன்ற லேசான ஆகாரம்தான். கோயில் வைத்தியர் தசமூலம் சேர்ந்த மருந்து உருண்டை தயாரித்துத் தருகிறார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு நாம் கொடுக்கிறோமே தசமூலாரிஷ்டம், அதில் சேரும் அதே பத்து வேர்கள்!

மேனிக்குப் பூச ஓர் எண்ணெய் உண்டு. நல்லெண்ணெயில் தாழம்பூ, மல்லிகை, மகிழம்பூ முதலான வாசனைப் பூக்களை ஊறப்போட்டு, மண்ணுக்குள் ஒரு வருஷம் புதைத்து வைத்து எடுக்கிறார்கள். புரியிலுள்ள பெரிய ஒடியா மடம் அதைக் கொண்டு வந்து தருகிறது. அடுத்த வருஷத்து ஜுரத்துக்கு இந்த வருஷமே எண்ணெய் போட்டு வைக்கிறார்கள். ஆவக்காய்க்கு நாம் பார்க்கும் முன்ஜாக்கிரதைதான்!

இந்த நாட்களில் பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவர்கள் தைதாபதிகள். சபரர் தலைவன் விசுவாவசுவின் வழியில் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். ஸ்வாமியின் உறவினர்களாகவே அவர்களைக் கருதுகிறார்கள். உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்க வேண்டியது உறவுக்காரர்கள்தானே?

பிறகு புது வர்ணம். அந்தப் பணிக்கென்று பரம்பரையாக உள்ள சேவகர்கள் செய்கிறார்கள். கடைசியாகக் கண். கண்ணில் கருமணி தீட்டும் நாள் நேத்ரோத்ஸவம். கதவு திறக்கும்போது ஸ்வாமி பளபளவென்று இருக்கிறார்; 'நவயௌவன தரிசனம்' என்று அதற்குப் பெயர். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தேர்.

களேபரம் என்றால் என்ன?

ஜுரம் வருஷாவருஷம் வந்து போகிறது. மரம் எத்தனை காலம் தாங்கும்? வயோதிகம் என்று ஒன்று இருக்கிறதே! அதற்கும் புரியில் வழி வைத்திருக்கிறார்கள்.

'களேபரம்' என்று நாம் ஒரு வார்த்தை சொல்கிறோம். கல்யாண வீட்டில் சமையல்காரர் வரவில்லை என்றால் 'ஒரே களேபரம்'. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் உடல் என்பதுதான். 'நவகளேபரம்' என்றால் புதிய உடல். ஆஷாட மாதம் இரண்டாக வரும் வருஷத்தில், அதாவது அதிக மாசம் ஆஷாடத்தில் விழும்போது, ஜகந்நாதர் பழைய உடலை விட்டுப் புதிய உடல் எடுக்கிறார். அது 8 வருஷத்திலும் வரலாம், 11 வருஷத்திலும் வரலாம், 19 வருஷத்திலும் வரலாம். சென்ற நூற்றாண்டில் 1912, 1931, 1950, 1969, 1977, 1996 ஆகிய வருஷங்களில் நடந்தது. இந்த நூற்றாண்டில் 2015-ல்.

முதலில் மரம் தேட வேண்டும். தைதாபதிகள் கூட்டமாகப் புறப்பட்டு நடந்தே போகிறார்கள். பிராசி நதிக்கரையில் காகட்பூர் என்ற ஊர். அங்கே மங்களா தேவியின் கோயில். அம்மனைப் பூஜித்துவிட்டு அவள் சந்நிதியில் படுத்துக்கொள்கிறார்கள். எந்தத் திக்கில் போவது என்று அவள் கனவில் வந்து சொல்வாளாம். ஸ்வாமிக்கு மரம் காட்டுவதற்கும் ஓர் அம்மன் உத்தரவுதான் வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

எல்லா வேப்ப மரமும் உதவாது. ஜகந்நாதரின் மரம் கருமை கலந்ததாக, நாலு பெரிய கிளைகளோடு இருக்க வேண்டும். பலபத்திரருக்கு வெளிர் நிறம், ஏழு கிளை. சுபத்திரைக்கு மஞ்சள் சாயல், ஐந்து கிளை. சுதர்சனருக்குச் செம்மை சாயல், மூன்று கிளை. மரத்தின் மேல் சங்கு, சக்கரம் போன்ற அடையாளம் தெரிய வேண்டும். பக்கத்தில் ஆறோ குளமோ, மயானமோ இருக்க வேண்டும். அடியில் புற்று இருக்க வேண்டும். இடி விழுந்த மரம் கூடாது. பறவைக் கூடு இருக்கக் கூடாது. 2015-ல் ஜகந்நாதரின் மரம் ஜகத்சிங்பூர் ஜில்லாவில் கரிபடியா என்ற கிராமத்தில் கிடைத்தது. அதுவரை யாரும் கேள்விப்படாத அந்தச் சிற்றூருக்கு ஜனங்கள் திரள் திரளாகப் போய்க் குவிந்தார்கள்.

மரத்தை எடுத்தவுடன் வெட்டிவிடுவதில்லை. யாகம் செய்து, அதன் அனுமதியைக் கேட்டு, முதலில் தங்கக் கோடரி, பிறகு வெள்ளிக் கோடரி, அதற்குப் பிறகுதான் இரும்புக் கோடரி. புதிதாக மர வண்டி செய்து, அதில் ஏற்றிப் புரிக்கு இழுத்து வருகிறார்கள். கோயில் வளாகத்துக்குள் கோயிலி வைகுண்டம் என்று ஓர் இடம். அங்கே மூடிய கதவுக்குள் செதுக்கு வேலை. வெளியே இடைவிடாமல் வாத்தியம் முழங்கிக்கொண்டிருக்கும். உளிச் சத்தம் யார் காதிலும் விழக் கூடாது! குண்டிசா ராணிக்குக் கேட்காமல் போன அந்தச் சத்தத்தை, இப்போது வேண்டுமென்றே கேட்காமல் செய்கிறார்கள்.

பிறகு ஓர் இரவு. ஊரில் விளக்குகளை அணைத்துவிடுவது மரபு. முதிய தைதாபதிகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பழைய திருமேனியின் உள்ளே இருக்கும் 'பிரம்ம பதார்த்தம்' என்ற ஒன்றை எடுத்துப் புதிய திருமேனிக்குள் வைக்கிறார்கள். அது என்ன என்று கண்டவர் இல்லை. எடுத்து வைத்தவர்களும் கண்ணால் கண்டதில்லை.

உயிர் போன பழைய திருமேனிகளை அதே கோயிலி வைகுண்டத்தில் குழி தோண்டி அடக்கம் செய்கிறார்கள். தைதாபதி குடும்பங்கள் தீட்டுக் காக்கின்றன. வீட்டில் ஒரு பெரியவர் காலமானால் எப்படியோ அப்படியே பத்து நாள் துக்கம். பிறகு தலை முழுக்கு, க்ஷவரம், உறவினருக்குச் சாப்பாடு. ஸ்வாமி புதிய உடலோடு உள்ளே இருக்கிறார் என்று தெரியும். அடுத்த சில வாரங்களில் ஊர் முழுவதும் தேர் இழுக்கப் போகிறது என்றும் தெரியும். இருந்தாலும் போன உடலுக்கு அழுகிறார்கள். தினமும் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி, வர்ணம் தீட்டிய உடல் அல்லவா?

கை மறந்தால்?

இதில் கவலைக்கு இடமான ஒரு விஷயம் இருக்கிறது. 19 வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் வேலையை எப்படி மறக்காமல் இருப்பது? நம் வீட்டிலேயே பாட்டி செய்த மனோகரத்தின் பக்குவம் இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விடுகிறதே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1969-ல் இருபது வயது வாலிபனாகத் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடித்த ஒருவருக்கு 1977-ல் 28 வயது, 1996-ல் 47 வயது, 2015-ல் 66 வயது. அடுத்த முறை 2034-ல் என்கிறார்கள். அப்போது அவருக்கு 85. ஆக, ஓர் ஆயுளில் நாலு தடவை கிடைப்பதே பாக்கியம். முதல் தடவை பார்ப்பது, இரண்டாவது தடவை செய்வது, மூன்றாவது தடவை சொல்லிக் கொடுப்பது. அதற்குள் ஆயுள் முடிந்துவிடுகிறது. கதவை மூடிச் செய்யும் வேலைக்குப் படம் கிடையாது, புகைப்படம் கிடையாது. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை.

இந்தச் சங்கிலி அறுந்து போகும் தறுவாயும் வந்தது. 1568-ல் காலாபகாட் என்ற வங்காளத்துப் படைத்தலைவன் ஒரிஸ்ஸாவின் மேல் படையெடுத்து வந்தான். திருமேனிகளைக் கைப்பற்றித் தீயில் இட்டான் என்று கோயில் வரலாறு சொல்கிறது. பின்தொடர்ந்து போன பிசர் மகாந்தி என்ற பக்தர், எரிந்ததிலிருந்து பிரம்ம பதார்த்தத்தை மீட்டு, மிருதங்கத்துக்குள் ஒளித்து வைத்துக் கொண்டுவந்தாராம். பல வருஷம் கழித்து ராமசந்திர தேவன் என்ற மன்னன் காலத்தில் மறுபடி வேப்ப மரம் தேடி, மறுபடி செதுக்கி, மறுபடி வர்ணம் தீட்டினார்கள். மரம் எரிந்தது; செய்யத் தெரிந்த கைகள் மிஞ்சியிருந்தன. அதனால்தான் கோயிலும் மிஞ்சியது.

புளியங்கொட்டையும் சங்கும்

கதவு சாத்தியிருக்கும் பதினைந்து நாளும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாந்து போக வேண்டாமா? அதற்காக, துணியில் எழுதிய மூன்று படங்களைக் கோயிலில் தொங்கவிட்டு அவற்றுக்குப் பூஜை செய்கிறார்கள். அந்தப் படங்களை எழுதுவது சித்திரகாரர் குடும்பங்களின் உரிமை. பட்டசித்திரம் என்று இன்று எல்லோரும் விரும்பி வாங்கும் கலை இந்தக் கோயிலைச் சுற்றி வளர்ந்ததுதான். எங்கள் வீட்டு மூவரைப் போன்ற மரப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவதும் அதே முறைப்படிதான்.

புரியிலிருந்து பத்து மைல் தூரம்கூட இல்லை, ரகுராஜ்பூர் என்ற கிராமம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே இரண்டு வரிசை வீடுகள். சுவர் தோறும் சித்திரம். ஒடிஸி நடனத்தின் மகா குரு கேளுசரண் மகாபாத்ரா 1926-ல் பிறந்தது இந்த ஊரில்தான். இங்கே வீட்டுக்கு வீடு தூரிகை பிடிப்பார்கள்.

வர்ணம் தயாரிக்கும் விதத்தைக் கேட்டால் நம் சமையலறை ஞாபகம் வரும். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிப் பசை. அதில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்து துணிக்குப் பூசி, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். வெள்ளைக்குச் சங்கைப் பொடித்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். கறுப்புக்கு விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்து எடுத்த மை. நாம் குழந்தைக்குக் கண் மை கூட்டுகிற மாதிரி. சிவப்புக்கு இங்குலிகம், மஞ்சளுக்கு அரிதாரம் என்னும் தாதுக் கற்கள். எல்லாம் ஒட்டிக்கொள்ள விளாம்பிசின்.

இந்த அரைப்பும் காய்ச்சலும் தேய்ப்பும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்துவந்தன. ஆண் கோடு இழுப்பான். பெண் துணி தயாரித்து, பசை காய்ச்சி, நிறம் நிரப்பிக் கொடுப்பாள். படத்தின் கீழே அவள் பெயர் இராது. இப்போது அந்த நிலை மாறி வருகிறது. பெண்களும் தாங்களே கோடு இழுத்து, கண் தீட்டி, தங்கள் பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

கலைக்கு நடுவில் மெலிவும் வந்தது. அச்சடித்த சாமி படங்கள் மலிவாக வந்தவுடன் கையால் எழுதியதை வாங்க ஆளில்லாமல் போயிற்று. சித்திரகாரர்கள் பலர் வேறு கூலி வேலைக்குப் போனார்கள். 1950-களில் ஹலினா ஜீலி என்ற அமெரிக்கப் பெண்மணி இங்கே வந்து, இவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி எழுதும்படி ஊக்கினார். பிறகு 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் புரிக் கரையில் அடித்தது. ரகுராஜ்பூரில் கூரைகள் பறந்தன. மாதக் கணக்கில் உட்கார்ந்து எழுதிய படங்கள் மழையில் ஊறிப் பாழாயின. நனைந்தால் கலையும் வர்ணம்தானே! ஆனால் வருஷா வருஷம் தங்கள் ஸ்வாமியே நனைந்து, வர்ணம் கலைந்து, மறுபடி எழுந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். மறுபடி புளியங்கொட்டையை ஊறப்போட்டார்கள்.

நமக்கும் உறவுதான்

புரி எங்கோ வடக்கே இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இப்போதுள்ள பெரிய கோயிலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கங்க மன்னன் அனந்தவர்மனுக்குச் சோடகங்கன் என்று பெயர். சோழனும் கங்கனும் சேர்ந்த பெயர் அது. அவன் தாய் ராஜசுந்தரி சோழ ராஜகுமாரி. ஸ்ரீ ராமாநுஜர் புரிக்குப் போனதாக வைஷ்ணவ வரலாறு சொல்கிறது. அங்குள்ள ஏமார் மடத்தின் பெயர் 'எம்பெருமானார்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். ஜுர காலத்தில் ஜகந்நாதரைக் காண முடியாதவர்கள் பிரம்மகிரியில் உள்ள அலர்நாதர் கோயிலுக்குப் போய்ப் பாயசம் நைவேத்தியம் செய்கிறார்கள். அலர்நாதர் என்பது 'ஆழ்வார்நாதர்' என்பதன் திரிபு என்று சொல்வோரும் உண்டு.

மரத் திருமேனி நமக்குப் புதிதும் அல்ல. திருக்கோவலூரில் உலகளந்த பெருமாள் மரத்தால் ஆனவர். காஞ்சீபுரத்து அத்தி வரதரை மறக்க முடியுமா? 1939, 1979, 2019 என்று 40 வருஷத்துக்கு ஒரு முறை குளத்துக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, 48 நாள் தரிசனம் தந்து, மறுபடி தண்ணீருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். 1979-ல் இடுப்புக் குழந்தையோடு போய்ச் சேவித்த பெண்கள், 2019-ல் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதை நாமே பார்த்தோம். அத்தி மரம் அப்படியே இருந்தது. சேவிக்க வந்தவர்களுக்குத்தான் வயதாகியிருந்தது. புரியிலோ ஸ்வாமியும் நம்மோடு சேர்ந்து மூப்படைகிறார். நனைந்தால் ஜுரம் வருகிறது; மருந்து வேண்டியிருக்கிறது; ஒரு நாள் போய்விடுகிறார்; உறவினர் அழுகிறார்கள்; மறுபடி பிறக்கிறார். கையில்லாத ஸ்வாமிக்கு எல்லாவற்றையும் பிறர் கைதான் செய்ய வேண்டியிருக்கிறது. செதுக்கும் கை, எண்ணெய் பூசும் கை, மருந்து உருட்டும் கை, கண் தீட்டும் கை.

அந்தக் குட்டிப் பெண்ணின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

விஜயதசமி அன்று இரவு, வழக்கம் போல ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தோம். மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது அவள் மறுபடி வந்து நின்றாள். பாட்டி வாங்கிய மூவரின் மேல் வர்ணம் அங்கங்கே உதிர்ந்திருந்தது. ஜகந்நாதருக்கு ஒரு கண் பாதிதான் இருந்தது. வெள்ளை வர்ணமும் மெல்லிய தூரிகையும் எடுத்து வந்தேன். அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, நடந்ததெல்லாம் சொல்லிக்கொண்டே தீட்டினேன். கண் வட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"ஜுரம் சரியாயிடுத்தா, மாமி?" என்று கேட்டாள்.

"ஆயிடுத்து" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, துணியைச் சுற்றும் வேலையை அவளே வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நவகளேபரம் வரும்போது அவள் தாவணி போடும் வயதுக்கு வந்திருப்பாள். அதற்கான வேப்ப மரம் இந்த நிமிஷம் ஒடிசாவில் ஏதோ ஒரு கிராமத்தில், குளக்கரையிலோ வயல் ஓரத்திலோ நின்றுகொண்டிருக்கிறது. எது அந்த மரம் என்று யாருக்கும் தெரியாது. அதன் நிழலில் யாரோ ஒருத்தி குழந்தைக்குத் தூளி கட்டி ஆட்டிக்கொண்டிருப்பாள்.